மணி ஏன் அடிக்கவில்லை?

இறால் கம்பெனியின் ஐஸ் ரூம் கதவைக் காலையில் திறந்த தொழிலாளி ஆரோக்கியமேரி அலறிய அலறல் ஆபீஸ் வரை கேட்டது.

ஜொஹரா கம்ப்யூட்டரை விட்டு ஓடினாள்.

இறால் பெட்டிகளுக்கு நடுவே மெக்கானிக் தருமலிங்கம்... சுவரிலிருந்த பொத்தானுக்குக் கீழே விறைத்துச் சுருண்டு கிடந்தார்.

அந்தக் கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாது. மாட்டிக்கொண்டவர் பொத்தானை அழுத்தினால் போதும், கம்ப்யூட்டர் வாசல் மணியை அடிக்கும். பழவேற்காட்டுப் படகுத்துறை வரை கேட்கும்.

நேற்று சாயங்காலம் அடிக்கவில்லை.

காரணத்தை மதியத்துக்குள் பிடித்துவிட்டார் சப்-இன்ஸ்பெக்டர் உலகநாதன். போன வாரம் கம்ப்யூட்டருக்குப் புது சிஸ்டம் போட்டிருக்கிறார்கள். மணியடிக்கிற பழைய புரோகிராம் அதில் ஓடாது!

"மாத்துனது யாரு?"

"நான்தான் சார்," என்றாள் ஜொஹரா. "மேனேஜர் சொன்னாரு."

மேனேஜர் ராஜவேலு கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். சொன்னது நிஜம்தான், ஆனால் மணி ஊமையாகும் என்று தனக்கெப்படித் தெரியும், கம்ப்யூட்டர் படித்தவள் அவள்தானே என்றார். இன்று காலை வரை அது அடிக்கும் என்றே நம்பினாராம்.

எல்லோர் பார்வையும் ஜொஹரா மேல்.

கம்பெனிதான் ஏரியில் கழிவுநீர் விடுகிறது என்று மீனவர் பஞ்சாயத்தில் சொல்லப் போவதாகத் தருமலிங்கம் அவளிடம் சொல்லியிருந்தார். மேனேஜரிடமும் சொல்லியிருந்தார். அதை இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்?

பிணம் கிடந்த இடத்தைக் காட்டச் சொன்னார் உலகநாதன். ராஜவேலு வாசற்படியில் தயங்கினார். கதவைப் பிடித்துக்கொள்ளும்படி கான்ஸ்டபிளிடம் சொல்லிவிட்டு உள்ளே கால் வைத்தார்.

ஜொஹராவுக்குச் சுருக்கென்றது. ராஜவேலுவின் பக்கம் திரும்பினாள்.

"சார்... புது சிஸ்டம் போட்ட அன்னிக்கு நீங்க உள்ள போறப்ப, என்னை இதே கதவாண்ட நிக்க வெச்சீங்க. அதுக்கு முன்னாடி ஒரு நாளும் வெச்சதில்ல. மணி அடிக்கும்னு நம்புனவருக்கு இன்னாத்துக்கு சார் காவல்?"

"மறுநாள் என்னை நிக்க வெச்சாரு," என்றாள் ஆரோக்கியமேரி மெல்ல.

ராஜவேலுவின் நெற்றியில் வியர்வை. ஐஸ் ரூமுக்குள்!

"மணி அடிக்காதுன்னு உங்களுக்கு யார் சொன்னது?" உலகநாதன் நிதானமாகக் கேட்டார்.

புது சிஸ்டம் கொண்டுவந்த மெட்ராஸ் இன்ஜினீயர் அன்றே ராஜவேலுவைத் தனியாக எச்சரித்தாராம். ஒவ்வொன்றாக வெளியே வந்தது. தருமலிங்கத்தை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தியதும் ராஜவேலுதான்.

 

விலங்கு மாட்டும்போது, லாக்கப்பில் தன்னைத் தனியாகப் பூட்டுவார்களா என்று ராஜவேலு கேட்டார்.

"பூட்டுவோம்," என்றார் உலகநாதன். "ஆனா பயப்படாதீங்க. வெளியே எந்நேரமும் ஒரு ஆள் நிக்கும்."