நாற்பது நாள் வாக்கு

சிலுவைப் போர்கள் 2094-ஆம் ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பாக, தூத்துக்குடியில் முடிவுக்கு வந்தன.

முடித்துவைத்தவர் ஜெரால்டு மச்சாடோ, வயது முப்பத்தொன்று. பழைய உப்புக் கிடங்கு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, அதை ஆய்வகம் என்று அழைத்துவந்தார். அன்று நிருபர்கள் ஏழு பேர் வந்திருந்தார்கள்.

“எருசலேமில் ஆரம்பித்த சண்டை இது. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்து வருஷமாக ஒருவரும் அதை நிறுத்தவில்லை. போப்புகள், சுல்தான்கள், ஐக்கிய நாடுகள் சபை, யாராலும் முடியவில்லை. நான் இன்றைக்கு நிறுத்திவிட்டேன்” என்றார் மச்சாடோ. அவர் சிரிக்கவில்லை. நிருபர்களும் எழுதிக்கொண்டார்கள்.

அவர் நிறுத்தப் பயன்படுத்திய கருவியின் பெயர் எதிர்நினைவி. பார்ப்பதற்கு நீச்சல் தொப்பி மாதிரி இருக்கும். பழைய கடிதங்கள், வரலாற்றுக் குறிப்புகள், தோண்டியெடுத்த எலும்புகள் எல்லாவற்றையும் சேர்த்து, அந்தக் காலத்து மனிதன் ஒருவனின் கடைசி ஐந்து வாரங்களை அது கட்டியெழுப்பும். பிறகு, அதைத் தலையில் மாட்டியவரின் மூளையில், அவரே வாழ்ந்த நினைவாகப் பதித்துவிடும். கிறிஸ்தவர்களுக்கு ஒரு முஸ்லிமின் நினைவு. முஸ்லிம்களுக்கு ஒரு கிறிஸ்தவனின் நினைவு. எதிராளியாக ஐந்து வாரம் வாழ்ந்தவன் அவனை எப்படி வெறுப்பான்? இதுதான் மச்சாடோவின் கேள்வி. அதற்குப் பதிலே கிடையாது என்று அவர் நம்பினார்.

நிருபர்கள் போனதும், அவருடைய ஆய்வுக் கூட்டாளி மொகுதூம் காயல்பட்டினத்திலிருந்து கொண்டுவந்த சஹனைத் திறந்தார். பெரிய வட்டத் தாம்பாளம். நெய்ச்சோறு, களரிக்கறி. காயலில் விருந்தென்றால் தனித்தனித் தட்டு கிடையாது. ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கல்லூரியில் மேற்படிப்புக்குச் சேர்ந்த நாளிலிருந்து பதினோரு வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் இருவருக்கும் இதுதான் சாப்பாடு. சமைப்பது மொகுதூமின் உம்மா.

“மக்கா, சிலுவைப் போர்க் காலத்துல ரெண்டு பக்கத்தானுவளும் விருந்து வச்ச கதை தெரியுமால?” என்றார் மச்சாடோ, வாய் நிறையச் சோற்றோடு. “எதிரெதிரே உக்காந்திருப்பானுவ. அவன் முதல் கவளத்தை முழுங்குத வரைக்கும் இவன் சோத்துல கை வைக்க மாட்டானாம். விஷம் இருக்குமாம்! சோறு ஆறிப் போயிரும்லா, மடப்பயலுவ.”

“நீ எங்கல ஆறவிட்ட? கறியெல்லாம் உன் பக்கம் இழுத்துட்ட” என்றார் மொகுதூம்.

சோதனைக்கு அறுநூறு பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். முதலில் கருவியை மாட்டிக்கொள்ள வேண்டியவர்கள் இவர்கள் இருவரும்தான். மாட்ட வேண்டிய செவ்வாய்க்கிழமை காலையிலும் மொகுதூமுக்கு ஒரே ஒரு தயக்கம் இருந்தது.

“அந்த நினைவு நாப்பது நாள்ல கரைஞ்சிரும்ல மச்சான்?”

“கரைஞ்சிரும். கருவியிலயே அதுக்கு ஏற்பாடு இருக்கு.”

“எனக்கு நான் திரும்ப வேணும். சும்மா சொல்லாத.”

“சத்தியமா.”

மொகுதூம் தலையைக் கொடுத்தார்.

அவருக்குக் கிடைத்தவன், 1266-இல் சஃபத் கோட்டைக்குள் முற்றுகையில் சிக்கிய ஒரு பிரெஞ்சு வில்லாளி. சரணடைந்தால் உயிரோடு போகலாம் என்று வெளியே நின்ற சுல்தானின் படையிடமிருந்து வாக்கு வந்தது. கதவைத் திறந்தார்கள். வெளியே வந்தவர்களை ஒரு குன்றின்மேல் வரிசையாக நிறுத்தித் தலைகளை வெட்டினார்கள். மச்சாடோவுக்குக் கிடைத்தவன், 1191-இல் ஆக்கர் துறைமுகத்தைக் காத்து நின்ற முஸ்லிம் படையின் ரொட்டிக்காரன். சிலுவைப் படையிடமிருந்து அவர்களுக்கும் உயிருக்கு உத்தரவாதம் வந்தது. அவர்களும் கதவைத் திறந்தார்கள். ஐந்து வாரம் கழித்து, அவர்களைக் கயிற்றில் பிணைத்து ஊருக்கு வெளியே கூட்டிப்போய்க் கொன்றார்கள். இரண்டு நினைவுகளையும் மச்சாடோதான் தேர்ந்தெடுத்தார். அறுநூறு பேருக்கும் இவற்றில் ஒன்றுதான். கண்ணீர் நிச்சயம் என்பது அவர் கணக்கு.

கண்ணீர் வந்தது. முதல் வாரம் தூத்துக்குடியில் ஆண்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதார்கள், போக்குவரத்து நின்றது. உலக நல்லிணக்க மன்றத்திலிருந்து நாற்பது கோடித் தொப்பிகளுக்கு ஆணை வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது.

இரண்டாம் வாரம், வலை கட்டும் அந்தோணி ரொட்ரிகோ பங்குத்தந்தையின் வீட்டுக்குப் போய், ஆக்கரில் செய்ததற்கு விளக்கம் கேட்டார். “நான் மணப்பாட்டுக்காரன்ப்பா” என்றார் பங்குத்தந்தை. அந்தோணி அதை ஏற்கவில்லை. காயலில் ஒரு மளிகைக்கடைக்காரர், சஃபத் விஷயத்தில் ஜமாஅத் என்ன சொல்கிறது என்று கேட்டுத் தினமும் மனு கொடுத்தார்.

மூன்றாம் வாரம், அந்தோணியும் மளிகைக்கடைக்காரரும் பேருந்து நிலையத்தில் சந்தித்தார்கள். அந்தோணி அவரை உற்றுப் பார்த்துவிட்டு, “உன்மேல எனக்குக் கோவமில்ல. உனக்குள்ள ஒருத்தன் இருக்கான் பாரு, அந்த வெள்ளக்காரன், அவனைத்தான்” என்று சொல்லிக் கன்னத்தில் அறைந்தார். வலித்தது மளிகைக்கடைக்காரருக்குத்தான்.

தொள்ளாயிரம் வருடமாக அந்தப் போர் செவிவழிச் செய்தியாக இருந்தது. மச்சாடோ அதற்கு அறுநூறு நேரடிச் சாட்சிகளைத் தயாரித்துக் கொடுத்திருந்தார். அணிகள் மட்டும் இடம் மாறியிருந்தன.

“நாப்பது நாள்ல கரைஞ்சிரும்” என்று எல்லாரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். மொகுதூமும் வீட்டுச் சுவரில் நாட்களைக் கோடு போட்டு எண்ணினார்.

நாற்பத்தொன்றாம் நாள் காலை அவர் உப்புக் கிடங்குக்குள் நுழைந்தபோது மச்சாடோ வேலையில் இருந்தார். அன்று ஞாயிறு. பூசை மணி அடித்துக்கொண்டிருந்தது. மச்சாடோ ஜன்னல்களையெல்லாம் சாத்தி வைத்திருந்தார்.

“கரையல” என்றார் மொகுதூம்.

“சிலருக்கு ஒண்ணு ரெண்டு நாள் கூடும் மக்கா…”

“கருவியைத் திறந்து பாத்துட்டேன். கரைக்கிற பகுதியே இல்ல. முந்துன நாளே எடுத்துட்டன்னு பதிவுல இருக்கு. நான் தலையைக் கொடுக்குறதுக்கு முந்துன நாள்.”

மச்சாடோ எழுந்து நின்றார். மேடையில் பேசுகிறவரைப் போலத் தொண்டையைச் செருமினார்.

“யோசிச்சுப் பாருல. நாப்பது நாள்ல கரைஞ்சா நாப்பத்தோராவது நாள் பழைய சண்டை திரும்பவும் வரும். மனுச குலத்துக்கே மருந்து இது. பெரிய நன்மைக்காக ஒரு சின்ன…”

“காலைல எங்க பள்ளிவாசல்ல பாங்கு சொல்லுறாங்க மச்சான். சொல்லுறது என் சின்ன வாப்பா. என்னைத் தோள்ல தூக்கி வளத்தவரு. அவரு குரல் கேட்டதும் நான் கட்டிலுக்கு அடியில ஒளியுறேன். என் மவ சிரிக்கிறா, வெளையாட்டுன்னு நெனச்சு.”

மச்சாடோ ஜன்னல் கொக்கியை இன்னொருமுறை இழுத்துப் பார்த்தார்.

“எடுக்க முடியுமா?”

“வேர் விட்டிருச்சு.”

“சஃபத்துல வாக்கு கொடுத்தவனுக்கும் ஒரு பெரிய நன்மை இருந்திருக்கும், இல்ல?” என்றார் மொகுதூம். “ஆனா அவன் யாருன்னே எனக்குத் தெரியாது. உன்கூட பதினோரு வருஷம் ஒரே சஹன்ல சாப்பிட்டிருக்கேன்.”

அவர் போனபின் மச்சாடோ கதவையும் சாத்தினார். மணி ஓயும்வரை இரண்டு காதுகளையும் கைகளால் பொத்திக்கொண்டிருந்தார். தனக்கும் கரையவில்லை என்பதை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மொகுதூம் வரமாட்டார் என்றுதான் மச்சாடோ நினைத்திருந்தார். ஒன்றே காலுக்குக் கதவு திறந்தது. மொகுதூம் இரண்டு கைகளிலும் சஹனைத் தாங்கி வந்தார். வழக்கமான இடத்தில் பாயை விரித்து, நடுவில் வைத்து, மூடியைத் திறந்தார். ஆவி எழுந்தது.

“யோசிச்சேன்” என்றார், தரையைப் பார்த்தபடி. “ஒருத்தன் விட்டாத்தான் இது முடியும். நான் விட்டுட்டேன். உக்காரு.”

மச்சாடோ வேலையை விட்டு எழுந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றியது. கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். சோற்றின்மேல் வறுத்த வெங்காயம் தூவியிருந்தது. அது வழக்கமாகத் தூவுவதுதானா என்று அவரால் நினைவுகூர முடியவில்லை.

“என்ன பாக்குற? உம்மா செஞ்சது.”

“தெரியும்.”

“அப்ப சாப்பிடு மச்சான். மனசுல ஒண்ணுமில்ல. சத்தியமா.”

அந்தச் சொல்லைக் கேட்டதும் மச்சாடோவுக்குள் ஒரு ரொட்டிக்காரன் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தான். அவனுக்கு அந்தச் சொல்லை நன்றாகத் தெரியும். கையில் கயிறு விழுவதற்கு முன்பு அவன் நம்பிய கடைசிச் சொல் அது.

“நீ ஆரம்பி மக்கா” என்றார் மச்சாடோ. “ஒரு போன் பேசிட்டு வந்துருதேன்.”

ஜன்னலோரம் போய்ப் போனைக் காதில் வைத்துக்கொண்டார். அதன் கண்ணாடித் திரை கறுப்பாக இருந்தது. ஓரக்கண்ணால், மொகுதூமின் கை சோற்றுக்குள் போவதையும், உருட்டுவதையும், வாய்க்கு உயர்வதையும் பார்த்தார். மொகுதூம் மென்றார். அவசரமில்லாமல் மென்றார்.

அது தொண்டையில் இறங்கும்வரை, மறுமுனையில் யாருமில்லாத போனில், “ஆமா… ஆமா… சரி” என்று மச்சாடோ சொல்லிக்கொண்டே இருந்தார்.