கூழ் கரைத்த கை

வரிசை வீடுகளில் வயிறு நோகாத ஆள் வேலம்மாள் ஒருத்திதான். அது அவளுக்கே அன்று காலையில்தான் உறைத்தது. பனிமூட்டத்துக்குள் எங்கோ யாரோ ஓங்கரிக்கும் சத்தம், பிளீச்சிங் பவுடர் நெடி, அதையும் மீறி ஏறி வரும் புளித்த கூழின் வாசம். இத்தனைக்கும் நடுவே எஸ்டேட் பிள்ளைகள் காப்பகத்தின் சமையற்கட்டில் அவள் மட்டும் கல்லுக்குண்டு மாதிரி நின்று, மணிக்கட்டு வரை பானைக்குள் கைவிட்டுக் கட்டி உடைத்துக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் அவளுக்கும் டைபாய்டு வந்தது. பதினாலு நாள் மாத்திரை. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டதும் மிச்சத்தை ஒரு டப்பாவில் போட்டு வைத்து, வரிசையில் யாருக்கு உடம்பு சுட்டாலும் இரண்டிரண்டாக எடுத்துக் கொடுத்தாள். புண்ணியம் என்றுதான் நினைத்தாள்.

சமைப்பவர்கள் பரிசோதனைக்கு மலம் தர வேண்டும் என்று போன மாதம் சொன்னார்கள். வாங்க வந்தவன் தமிழ்செல்வன், கொழுந்தன் முறை. அவன் கையிலா அதைக் கொடுப்பது? வெட்கம் பிடுங்கித் தின்றது. மகள் கீர்த்தனாவுடையதை எடுத்துத் தன் பேரை ஒட்டிக் கொடுத்துவிட்டாள். குழந்தையுடையதைக் கொடுக்கக் கூச்சமில்லை. கிருமி இல்லை என்று சீட்டு வந்தது.

நர்ஸ் கவிதா வாசற்படியில் வந்து நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

"இது போன வருசத்துக் கிருமி இல்லீங்க அக்கா. ஆரோ ஒருத்தரு வயித்துலயே குடியிருந்து, அரகொற மருந்துக்குப் பழகி, நொம்ப மூர்க்கமா வெளிய வந்திருக்குது. ஊசிக்கே அடங்கல. சொமக்குறவங்களுக்கு ஒண்ணுமே பண்ணாதுங்க. மாத்திரையப் பாதியில நிறுத்துனவங்க ஆராச்சும் இருக்காங்களா?"

பானையில் ஒரு குமிழி உடைந்தது. அதே நேரம் வேலம்மாளின் அடிவயிற்றில் ஏதோ மெல்லப் புரண்டு படுத்தது.

"தெரியலீங்க."

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

பனிக்குள்ளிருந்து அடுத்த வீட்டு பானு வந்தாள். விடியற்காலையில் மகன் கார்த்தியைச் சேலத்துக்குக் கொண்டு போயிருந்தார்கள். வண்டி அடிவாரத்தைக்கூடத் தொடவில்லை. அவனுடைய டம்ளரை நீட்டினாள்.

"கொஞ்சம் ஊத்துங்க அக்கா. அவன் தலமாட்டுல வெக்கோணும். கடைசியா உங்க கூழுதான் கேட்டான்."

ஊற்றினாள். பானு அந்த ஈரக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சொல்லிவிட வேண்டும். இப்போதே. வாய் திறந்தது. கவிதா பார்த்தாள். பானு பார்த்தாள். வாய் மூடிக்கொண்டது.

பின்னால் புடவை இழுபட்டது. கீர்த்தனா. தினமும் செய்வதுபோல அம்மாவின் கையைத் தன் பக்கம் இழுத்தாள்.

கையைப் பறித்தால் ஏன் என்று கேட்பார்கள்.

வேலம்மாள் பறிக்கவில்லை.

குழந்தை ஒவ்வொரு விரலாகச் சப்பத் தொடங்கினாள். அந்தச் சின்ன நாக்கு, அனலாகக் கொதித்தது.