கடைசி வரிசையில் குளவி இல்லை

அந்த விடுமுறை நாளில் கட்டடத்துக்குள் இருந்தவர்கள் நான்கு பேர். வாசலில் காவலர். கீழ்த்தளத்தில் நூலகத்து அக்கா. இரண்டாம் மாடியில் இயக்குநர். மூன்றாம் மாடியில், ஜன்னலே இல்லாத பூச்சி அறையில், எல்லோரும் பூச்சி சார் என்று கூப்பிடும் அவர்.

பதினோரு மணிக்கு அக்கா டீ கொண்டுவந்தார். பதினோரு வருஷத்தில் அவர் மூன்று மாடி ஏறி வந்தது அதுதான் முதல் தடவை.

"கடைசி நாள் இல்லையா, பூச்சி சார். ஒரு வாய் டீயாவது கொடுத்தேன்னு இருக்கட்டும்."

"படியேறி வந்ததுக்கே உங்களுக்கு ஒரு சிலை வைக்கணும்," என்றார் அவர்.

அக்கா சிரித்தார். சிரித்துவிட்டு, வழக்கம்போல ஆள்காட்டி விரலால் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளினார்.

மூக்கில் கண்ணாடி இல்லை.

விரல் வெறும் மூக்குத்தண்டில் ஏறி, ஒரு கணம் நின்று, இறங்கியது. பழக்கதோஷம் என்று பூச்சி சார் நினைத்துக்கொண்டார். கண் ஆபரேஷன் ஏதாவது செய்துகொண்டாரா என்று கேட்க வாயெடுப்பதற்குள் அக்கா கதவைத் தாண்டியிருந்தார். படியில் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. டம்ளரைத் தொட்டுப் பார்த்தார். டீ சூடாகவும் இல்லை, ஆறியும் இல்லை. தள்ளி வைத்துவிட்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தார்.

வேலை சுலபமானதுதான். ஒரு பூச்சியைப் பார்த்து, அது மற்ற எல்லாப் பூச்சியிலிருந்தும் எப்படி வேறு என்று எழுத வேண்டும். இது கொலையாளிப் பூச்சி. மூட்டைப்பூச்சிக்குத் தூரத்துச் சொந்தம். தலைக்கு அடியில் மடித்து வைத்த ஒரு குழல் உண்டு. அதை இரையின் உடம்பில் குத்தி, உள்ளே இருப்பதையெல்லாம் கரைத்து உறிஞ்சிவிடும். மேலோடு அப்படியே நிற்கும், கால்கூட உடையாது. ஆனால் இந்தப் பூச்சிக்குக் குளவியின் இடுப்பு, குளவியின் மஞ்சள் பட்டை, குளவியின் புகை நிற இறக்கை. பசுத்தோல் போர்த்திய புலியைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். இது புலித்தோல் போர்த்திய புலி. எந்தப் பேரினத்திலும் சேராததால் அவர் ஒரு புதிய பேரினம் எழுதிக்கொண்டிருந்தார். நாலு மணிக்குள் கட்டுரையை அனுப்பிவிட்டு, சாவியை ஒப்படைத்துவிட்டு, மகளோடு காரில் ஏற வேண்டும். அவ்வளவுதான். மகள் வீட்டில் அவருக்கு ஓர் அறை ஒதுக்கியிருந்தாள்.

அந்த அறைக்காக அவர் ஆறு வருஷம் காத்திருந்தார். மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் அவர் காட்டில் வெள்ளைத்துணி கட்டி, விளக்கு வைத்துப் பூச்சி பிடித்துக்கொண்டிருந்தார். செய்தி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மகள் ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. பேசுவதைத்தான் குறைத்துக்கொண்டாள். போன மாதம் அவளே கூப்பிட்டு, "தனியா இருந்தது போதும், வந்துடுங்க," என்றாள்.

ஒரு மணிக்குப் போன் அடித்தது.

"அப்பா, கிளம்பிட்டேன். நாலு மணிக்கு அங்க இருப்பேன்."

"வாசல்ல நில்லும்மா. நான் இறங்கி வந்துடறேன்."

"போன தடவையும் இதைத்தான் சொன்னீங்க. ரெண்டு மணி நேரம் அந்தக் காவலர் இருமறதைக் கேட்டுட்டு நின்னேன். இந்தத் தடவை மேல வந்து சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போவேன்."

"இன்னும் ஒரு பத்திதான் பாக்கி."

"உங்களுக்கு எப்பவும் ஒரு பத்திதான் பாக்கி."

குரலில் சிரிப்பு இருந்தது. போனை வைத்த பிறகும் அவர் கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு பத்தி குளவியைப் பற்றியது. இந்தப் பூச்சி எந்தக் குளவியைப் போல வேஷம் போடுகிறதோ, அந்தக் குளவி அதே காட்டில் ஏராளமாக இருக்கிறது என்று எழுத வேண்டும். வேஷத்துக்கு ஒரு கணக்கு உண்டு. பறவை குளவியைக் கொத்தி, கொட்டு வாங்கி, மஞ்சள் பட்டையைக் கண்டால் விலகக் கற்றுக்கொள்கிறது. அதனால் நிஜம் நிறைய இருக்க வேண்டும், வேஷம் கொஞ்சமாக இருக்க வேண்டும். வேஷக்காரர்கள் பெருத்துவிட்டால் பறவை ஏமாறாது.

குளவிகள் எத்தனை என்று எண்ணுவதற்காக இழுப்பறையை வெளியே எடுத்தார். அந்துருண்டை நெடி முகத்தில் அறைந்தது. நான்கு வரிசை, வரிசைக்குப் பத்து ஊசி, நாற்பது பூச்சி. ஓய்வு பெற்றுப் போன யாரோ ஒருவர் முப்பது வருஷமாக ஒரே காட்டில் பிடித்துத் தேதி வாரியாகக் குத்தி வைத்தவை. முதல் வரிசையிலிருந்துதான் அவருடைய பூச்சி கிடைத்தது. மற்ற முப்பத்தொன்பதையும் அவர் தொட்டதில்லை. இந்தத் தொழிலில் அவரவர் குடும்பத்தை அவரவர் பார்ப்பார்கள். குளவி பார்ப்பவர் குளவியை மட்டும் பார்ப்பார், மூட்டைப்பூச்சி வகையறா பார்ப்பவர் பக்கத்து வீட்டுக்குள் எட்டிப் பார்க்கமாட்டார். குளவி என்று சீட்டு இருந்தது, குளவி என்று நம்பிக்கொண்டார். ஒன்றைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

இப்போது திருப்பினார். முதல் வரிசை: ஒன்பது குளவி. தாடை இருந்தது, கொடுக்கு இருந்தது. சரி.

இரண்டாம் வரிசை: ஆறு குளவி. நான்குக்கு முகத்தின் கீழே குழல்.

மறுபடி எண்ணினார். நான்குதான். முதலில் வந்தது சந்தோஷம், அதை மறைப்பதற்கில்லை. ஒற்றை மாதிரியை நம்பிப் பேரினம் எழுதுகிறவனுக்கு இன்னும் நான்கு கிடைத்தால் புதையல்தான். மேசை விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு மூன்றாம் வரிசைக்குப் போனார்.

மூன்றாம் வரிசை: ஒரு குளவி.

அந்த ஒன்றை இடுக்கியால் தூக்கியபோது அது காகிதம்போல ஆடியது. பக்கவாட்டில் ஒரு நுண்ணிய துளை. உள்ளே ஒன்றுமில்லை. விளக்கு வெளிச்சம் ஓட்டின் வழியாக மறுபக்கம் வந்தது.

கடைசி வரிசையில் குளவி இல்லை. பத்தும் அவருடைய பூச்சி. பத்தும் மஞ்சள் பட்டையைக் காட்டிக்கொண்டு, இறக்கையைக் குளவிபோல மடித்துக்கொண்டு, குளவி ஒன்றுகூட மிச்சமில்லாத காட்டில் குளவியாக இருந்தன.

யாரை ஏமாற்ற?

குளிர்சாதனத்தின் உறுமல் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. தாழ்வாரத்தில் காவலர் இருமினார். வாசலில் இருக்க வேண்டிய மனிதர். பத்து வருஷமாகக் கேட்ட இருமல்தான்: இரண்டு குட்டை, ஒரு நெட்டை. கொஞ்சம் இடைவெளி. இரண்டு குட்டை, ஒரு நெட்டை. அதே இடைவெளி. இருமுகிறவன் நடுவில் மூச்சு இழுக்க வேண்டும். அந்தச் சத்தம் வரவே இல்லை.

கதவு திறந்தது. இயக்குநர்.

"முடிச்சாச்சா, பூச்சி சார்?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு, சார். இந்த இழுப்பறையில..."

"நல்லது, நல்லது. எங்களுக்கெல்லாம் நீங்க ஒரு பெரிய இழப்பு."

இயக்குநர் நின்றார். இழுப்பறையைப் பார்க்கவில்லை. பூச்சி சாரின் கைகளைப் பார்த்தார். இடுக்கி பிடித்த விரல்களை, சட்டையின் காலரை, கழுத்தை, பிறகு வாயை. மாதிரியைப் பார்க்கும் பார்வை. முப்பது வருஷமாகப் பூச்சி சாரே பூச்சிகளை அப்படித்தான் பார்த்துவந்திருக்கிறார். தலையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு உறுப்பாக, எதையும் விடாமல்.

"முடிச்சாச்சா, பூச்சி சார்?"

அதே குரல். அதே ஏற்றம், அதே இறக்கம்.

அவர் இடுக்கியைக் கீழே வைத்தார்.

"நல்லது, நல்லது. எங்களுக்கெல்லாம் நீங்க ஒரு பெரிய இழப்பு," என்றுவிட்டு இயக்குநர் வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

மூன்றரை மணி. அவர் மகளைக் கூப்பிட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வண்டி ஓட்டும்போது அவள் எடுக்கமாட்டாள். மறுபடி கூப்பிட்டார். எடுக்கவில்லை. என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. உள்ளே வராதே, அக்கா கண்ணாடி போடவில்லை என்றா. அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவள் நினைப்பாள். தனியாகக் கிடந்தவன், அதனால்தான் என்று நினைப்பாள். அதுவும் உண்மையாகவே இருக்கலாம். கடைசியாக ஒருவர் கையைத் தொட்டது எப்போது என்று யோசித்தார். அக்காவோடு, காவலரோடு, இயக்குநரோடு பதினோரு வருஷத்தில் முழுதாக ஒருமணி நேரம் பேசியிருப்பாரா? நாளுக்கு ஒரு வணக்கம். அதுவும் தலையைத் தூக்காமல். இவர்கள் எப்போது மாறினார்கள் என்று யாராவது கேட்டால் அவரால் சொல்ல முடியாது. போன வாரமா, போன வருஷமா. மேலோட்டமாகத்தான் பார்த்திருக்கிறார். ஒருவரையும் திருப்பிப் பார்க்கவில்லை.

வெளியே சத்தமில்லை. இருமலும் இல்லை.

கதவில் ஒரு சிறிய சதுரக் கண்ணாடி உண்டு, உள்ளங்கை அகலம். அவர் நுனிக்காலில் நடந்து அதன் வழியாகப் பார்த்தார்.

தாழ்வாரத்தில் மூவரும் வரிசையாக நின்றிருந்தார்கள். அக்கா, காவலர், இயக்குநர். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. மூவரும் குனிந்திருந்தார்கள். இடது தோள் உயர்ந்து, கழுத்து வலப்பக்கம் சாய்ந்து, வலது கண் மூடியிருந்தது. மூவருடைய வலது கையும் காற்றில் இல்லாத ஒரு திருகைத் திருகிக்கொண்டிருந்தது. மெதுவாக. முன்னே, பின்னே. முன்னே.

மைக்ராஸ்கோப்பில் அவர் குனிவது அப்படித்தான்.

பழகிக்கொண்டிருந்தார்கள்.

அவர் பின்வாங்கினார். இடுப்பு மேசையில் இடித்தது. டீ கவிழ்ந்து கட்டுரைமேல் ஓடியது. அறையின் பின்புறம் அவசரப் படிக்கட்டுக்கு ஓர் இரும்புக் கதவு. தள்ளினார். திறந்தது. இருட்டு. சிமெண்ட் படி. கைப்பிடியில் துரு. பின்னால் பூச்சி அறைக் கதவின் கீல் முனகியது. ஓடினார். ஒரு மாடி. செருப்பு கழன்றது, விட்டுவிட்டார். இன்னொரு மாடி. மேலே காலடிச் சத்தம். ஒரே ஒருவருடையது. அவசரமில்லாத நடை. இறங்கவில்லை, எதிர்ப்பக்கம் போனது. தாழ்வாரத்தை நோக்கி. பிரதான படிக்கட்டை நோக்கி.

கடைசிக் கதவு. வெளிச்சம்.

கட்டடத்தின் பின்பக்கம். குப்பைத்தொட்டிகள், ஈரக் காற்று, மேகம் மூடிய சாயங்காலம். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. வெளிப்பக்கம் கைப்பிடி இல்லை. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். வெளியே வந்துவிட்டார். உயிரோடு. சட்டைப்பையைத் தடவினார். போன் மேசைமேல்.

மகள்.

வெறுங்காலோடு சரளைக்கல்மேல் ஓடினார். சுவர் முடியவே இல்லை. மூலை. இன்னொரு மூலை. வாசலில் அவளுடைய கார் நின்றது. காருக்குள் யாருமில்லை. பின் சீட்டில் ஒரு புதுத் தலையணை, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல்.

அவள் படியில் ஏறிக்கொண்டிருந்தாள். சற்றுமுன் மூன்றாம் மாடியில் நின்ற காவலர் கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்திருந்தார், மரியாதையாக, தலையைச் சாய்த்து.

"அம்மாடி!"

காற்று அதைத் தின்றுவிட்டது. அவள் உள்ளே போனாள். கதவு சாத்தியது.

படியில் தடுக்கி, முழங்கால் தேய, அவர் கண்ணாடிமேல் போய் விழுந்தார். இரண்டு கையாலும் அடித்தார். தடித்த கண்ணாடி. சத்தம் அவருக்கே கேட்கவில்லை. உள்ளே, பிரதான படிக்கட்டில், ஒருவர் இறங்கி வந்தார். அவருடைய சாம்பல் நிறச் சட்டை. அவருடைய நரைத்த பின்தலை, அவருடைய பை. பையின் வாரைத் தோளில் சரிசெய்தபடி, ஒரு பத்திகூடப் பாக்கி வைக்காத மனிதர்போல நிதானமாக இறங்கினார். கடைசிப் படியில் நின்று, தலையைத் தூக்கி, அவளை நேராகப் பார்த்துச் சிரித்தார்.

அப்படி அவர் அவளைப் பார்த்ததே இல்லை.

மகள் சட்டையைப் பிடிக்கவில்லை. ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். தோளில் முகத்தைச் சாய்த்தாள். அழுதாள் போலிருந்தது. அந்த இன்னொரு கை அவள் முதுகில் ஏறி, பட்டும் படாமல், கழுத்து முடிகிற இடத்தைத் தேடி நின்றது.

அவர் நெற்றியால் கண்ணாடியை மோதினார். அவள் நிமிர்ந்தாள். வாசலைப் பார்த்தாள். வெறுங்கால், கிழிந்த முழங்கால், கண்ணாடியில் அப்பிய வாய். இரண்டு பேரையும் ஒருமுறை மாறி மாறிப் பார்த்தாள். ஒரே ஒருமுறை. பிறகு அந்தக் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு காவலரிடம் ஏதோ கேட்டாள். சத்தம் வெளியே வரவில்லை, உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது.

யாரு அது?

காவலர் தெரியாது என்பதுபோலத் தலையை ஆட்டினார். கதவருகே வந்தார். உள்ளேயிருந்து சாவியைப் போட்டு, அவள் பின்னால் கதவைப் பூட்டினார்.