நாலாவது சுற்று

காலை 11.25. பயிற்சியாளர் தன் அறை மேஜையின் இழுப்பறையைத் திறந்தார். கேமராவின் மெமரி கார்டைக் காணோம்.

விரல் நகம் அளவுப் பொருள்தான். ஆனால் ஒருவனுடைய வேலையும் மானமும் அதற்குள் இருந்தன.

அன்று காலை 9.40-க்கு, பைக் பயிற்சித் தளத்தின் ஏழாம் வளைவில், பேக்கரிக்காரர் ஒருவர் விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டார். எப்படி விழுந்தார் என்பது அவருக்கே நினைவில்லை. பின்னால் வந்த பல் டாக்டர்தான் சொன்னார்: "பிரேக் பிடிக்கல. கண்ணால பார்த்தேன்."

அந்த பிரேக்கை முந்தின நாள் பழுது பார்த்தவன் தளத்தின் மெக்கானிக். முன்னால் ஓட்டிப் போன பயிற்சியாளரின் வண்டியில் பின்பக்கம் பார்த்தபடி ஒரு கேமரா இருந்தது. "மத்தியானம் எல்லாரும் உக்காந்து பார்ப்போம்" என்று சொல்லி, கார்டைக் கழற்றி இழுப்பறையில் போட்டிருந்தார். எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னார்.

11 மணி முதல் 11.20 வரை எல்லோரும் தளத்தில். அறையை ஒட்டிய பட்டறைக் கொட்டகையில் இருந்தவன் மெக்கானிக் மட்டும்.

"நீதானே இங்க இருந்தே?"

"இருந்தேன் சார். டயர் மாத்திட்டிருந்தேன். உங்க ரூம் பக்கமே வரல."

"வேற யாரு எடுத்திருப்பா? கார்டு காணாமப் போனா உனக்குத்தான லாபம்."

வாசலில் ஹெல்மெட்டும் கையுமாக நின்ற பெண் இதைக் கேட்டாள். போலீஸ் இன்ஸ்பெக்டர். லீவு போட்டுவிட்டு வளைவில் வண்டி ஓட்டப் படிக்க வந்தவள். மெக்கானிக்கின் அக்கா.

ஐந்து நிமிடம் முன்புவரை அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்று மாதமாக அந்த ஏழாம் வளைவு அவளுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது. பயத்தில் கண் முன்சக்கரத்துக்கே போகும். வண்டி விறைத்துக்கொண்டு வெளியே ஓடும். இன்றும் நாலாவது சுற்றில் நேராகப் புல்லுக்குள் போய் நின்றாள். அந்தக் கோபத்தில் அடுத்த சுற்றில் பிரேக்கை முன்கூட்டியே பிடித்து விட்டு, தலையைத் திருப்பி வளைவு முடியும் இடத்தை மட்டும் பார்த்தாள். வண்டி தானாகச் சாய்ந்தது. முழங்கால் தரையை உரசியது. ஹெல்மெட்டுக்குள் சத்தம் போட்டுச் சிரித்தாள்.

இப்போது தம்பியின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு எங்கோ போய்விட்டது.

"உங்க தம்பிங்கறதால நீங்க ஒதுங்கி இருக்கறது நல்லது மேடம்" என்றார் பல் டாக்டர். அவர் அவள் ஓட்டிய வண்டிக்குப் பின்னால் நின்றிருந்தார். 10.50-க்கும் அங்கேதான் குனிந்திருந்தார். விழுந்தால் கண்ணாடி சிதறாமல் இருக்கத் தளத்தில் விளக்குகளுக்கு டேப் ஒட்டுவது வழக்கம். "பின் விளக்கு மேல ஒட்டின டேப் உரியுது, ஒட்டிட்டேன்" என்று அப்போது சொன்னார். அவளும் நன்றி சொன்னாள்.

"சரி. உங்ககிட்ட ஒரே கேள்வி. பதினோரு மணிக்கு எங்க இருந்தீங்க?" என்று அவள் கேட்டாள்.

"தளத்துல. ஏழு சுற்று. வேணும்னா ஷீட்டைப் பாருங்க."

11.35. ஒவ்வொரு வண்டியிலும் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி உண்டு. கோட்டைத் தாண்டும்போது நேரம் பதிவாகும். நேரம் பார்ப்பவர் டாக்டரின் ஷீட்டைக் கொண்டுவந்தார். ஏழு சுற்றும் இருந்தன. பயிற்சியாளர் தலையாட்டினார்.

அவள் தலையாட்டவில்லை. "காலையில ஒரு சுற்றை 2 நிமிஷம் 3 செகண்டுல முடிச்சீங்க. இதுல 2.31?"

"நிதானமா ஓட்டினேன்."

"நாலாவது சுற்று 2.58."

"முன்னாடி யாரோ மெதுவாப் போனாங்க."

"என்னோட ஷீட்டையும் கொண்டு வாங்க" என்றாள்.

இரண்டு தாளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். 2.31, 2.29, 2.28. நாலாவது 2.58. பிறகு 2.22, 2.19, 2.17. ஏழு வரியும் அச்சு அசல்.

"சார், இவர் ஓட்டினாரான்னுதான் எல்லாரும் பார்த்தீங்க. எப்படி ஓட்டினார்னு யாரும் பார்க்கல. நாலாவது சுற்றுல புல்லுக்குள்ள போனது நான். அப்புறம் வளைவு பிடிபட்டு வேகம் கூடினதும் நான். பத்து வருஷமா ஓட்டுற ஆளு ஏழு சுற்றுக்குள்ள புதுசா என்னத்தைக் கத்துக்கிட்டாரு?"

வெளியே வந்து தான் ஓட்டிய வண்டியின் பின்பக்க டேப்பை உரித்தாள். அடியில் ஒரு கருவி. அதில் டாக்டரின் வண்டி எண்.

"கிளம்பற கூட்டத்தோட கிளம்பி, பாதியில வண்டியை எங்கயோ மறைவா விட்டுட்டு, இவரோட அறைக்கு வந்தீங்க. உங்களுக்குப் பதிலா நான் சுத்திட்டிருந்தேன். இதைத் திருப்பி எடுக்க வந்தப்பதான் இங்க சத்தம் கிளம்பிடுச்சு. கார்டைக் குடுங்க டாக்டர்."

அவர் கையுறைக்குள் விரல் விட்டு கார்டை எடுத்து நீட்டினார்.

கொட்டகைச் சுவரில் படம் ஓடியது. டாக்டர் முந்துகிற அவசரத்தில் வளைவின் உள்பக்கம் புகுந்து பேக்கரிக்காரரை இடித்துத் தள்ளியது பளிச்சென்று தெரிந்தது. பிரேக்கில் ஒரு குறையும் இல்லை.

பயிற்சியாளர் எல்லோர் முன்னாலும் மெக்கானிக்கிடம் போனார். "என்னை மன்னிச்சிடுப்பா. அவசரப்பட்டுப் பேசிட்டேன்."

"பரவாயில்ல சார்" என்றான். கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கி, விரலெல்லாம் கிரீஸ் என்று ஞாபகம் வந்து இறக்கிக்கொண்டான்.

பிற்பகல் 3.10. டாக்டர் உள்ளூர் ஸ்டேஷனில் உட்கார்ந்து வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்தார். பயிற்சியாளர் அவளை அடுத்த நிலைக்காரர்களின் வரிசையில் நிறுத்தினார். ஏழாம் வளைவைத் தொடர்ந்து ஆறு முறை வெட்டினாள்; ஆறு முறையும் அவள் பார்த்த இடத்துக்கே வண்டி போனது. கடைசிச் சுற்று 2.11.

தடுப்புச் சுவரோரம் தம்பி ஒரு பலகையைத் தூக்கிக் காட்டினான். சாக்பீஸில் பெரிதாக எழுதியிருந்தான்: "மெதுவாக்கா. வண்டி என்னுது."

படித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் முறுக்கினாள்.