நான்காம் குப்பி

2009 மே, போரின் கடைசி நாட்கள். வெள்ளிக்கிழமை. காலை 11.20.

ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் பிரஷாந்தி ஒரு இரத்தக் குப்பியை இயந்திரத்தில் சுழற்றி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். மேலே வெளிர்மஞ்சளாகத் தெளிந்து நிற்க வேண்டிய நீர் செக்கச்செவேலென்று நின்றது. ஆறு குப்பி இரத்தமும் இப்படிக் குளிரில் உறைந்து பழுதாகியிருக்கும்.

ஆறும் தோல் கல்லாக இறுகும் நோய்க்காரர்களுடையவை. உடம்புக்குக் காவல் நிற்க வேண்டிய வெள்ளை அணுக்களே அந்த உடம்பின்மேல் பாய்கிற பொல்லாத வியாதி. எந்த அணு எப்படி மாறியிருக்கிறது என்று கொழும்பில் எண்ணிப் பார்க்க, அணு உயிரோடு போய்ச் சேர வேண்டும். குளிர் ஆகவே ஆகாது. அதனால்தான் ஐஸ் போடாமல் வெறும் ரெஜிபோம் நுரைப்பெட்டியில் அடுக்கி, கொழும்புக்குப் போகும் இரண்டு மணி வேனுக்காக நடையில் வைத்திருந்தாள். பத்தரைக்குப் பிறகு யாரோ அதில் ஐஸை நிரப்பியிருந்தார்கள்.

"நாசவேலை. பொலிசுக்குச் சொல்லிட்டன். பன்னிரண்டுக்கு வாறாங்க" என்றார் டொக்டர் உதயரூபன். பயத்தில் அவர் முகமே வெளிறியிருந்தது.

பெட்டிக்குக் காவல் இருந்தவன் சிற்றூழியன் திவாகரன். அவன் அண்ணனை இரண்டு வருடத்துக்கு முன் யாரோ வெள்ளை வேனில் ஏற்றிக் கடத்திப்போனார்கள். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

"எங்க போன நீங்க?"

"தேத்தண்ணி குடிக்க, மிஸ். பத்து நிமிசம். சத்தியமா வேற ஒண்டும் தெரியா. என்னையும் கொண்டு போனா அம்மா செத்திருவா மிஸ்."

பிரஷாந்தி கடிகாரத்தைப் பார்த்தாள். அழுதுகொண்டு நிற்க நேரமில்லை. பெட்டியின் மேல் குனிந்தாள்.

ஐஸ் கட்டி கட்டியாக இல்லை; இடித்துத் தூளாக்கியது. உருகிய நீரில் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டு அனலில் காட்டினாள். வெள்ளையாகப் படிந்தது. உப்பு! பரிசோதனைக்கூடத்தில் உப்புப் போட்ட ஐஸ் ஏது?

11.40. வாசலில் உப்பு ஐஸ் பெட்டியோடு ஐஸ்பழம் விற்கும் நளீரிடம் ஓடினாள்.

"நானா, உங்கட ஐஸா?"

"அல்லாவே, இல்ல தங்கச்சி! விடிஞ்சதில இருந்து இந்த இடத்த விட்டு நான் அசையல்ல."

வாசல் காவலாளியும் ஆமென்றார். திரும்பி வந்து ஐஸை முழுவதும் கிளறினாள். அவள் ஒன்று முதல் ஆறுவரை வரிசையாக வைத்தவை. இப்போது, அவள் எடுத்துச் சுழற்றியது போக, நான்கு மேலே தாறுமாறாகக் கிடந்தன. நான்காம் குப்பி மட்டும் அடியாழத்தில், கிழித்தெடுத்த ஒரு சாரத்துணித் துண்டில் சுற்றியபடி இருந்தது.

கெடுக்க வந்தவன் ஒன்றை மட்டும் ஏன் இப்படிப் பொத்திப் பொத்தி வைக்க வேண்டும்?

11.50. நான்காம் குப்பி கல்குடா சீதேவியுடையது. இரத்தம் வேனில் ஏறுவதைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று நடையில் வாங்குப் பலகையில் காத்திருந்தாள். விரல் நுனிகள் நீலம் பாரித்திருந்தன. பக்கத்தில் புருசன் நல்லரத்தினம். மீன் வியாபாரி; மீன்பெட்டி கட்டிய சைக்கிள் வெளியே நின்றது.

"அண்ணன், நல்ல மீன பெட்டியில எங்க வைப்பீங்க?"

"அடியிலதான், மிஸ். அங்கதான் குளிர் நிக்கும்."

சொன்னவர் கிழிந்த தன் சாரத்தின் நுனியைக் கையால் மறைத்தார்.

"உப்பு ஐஸ் உங்கட மீன்பெட்டியில இருந்துதானே வந்த? கெடுக்க வரல்ல நீங்க. காப்பாத்த வந்திருக்கீங்க. உங்கட ஆள்ர குப்பிய அடியில வச்சி, மத்தவங்கடதுக்கும் ஐஸ் போட்டிருக்கீங்க."

"சூட்டில பழுதாகிரும் எண்டு பயந்திட்டன், மிஸ். எட்டுத்தரம் குத்தித்தானே எடுத்தீங்க. சுனாமில எங்கட மகள மூணாம் நாள்தான் கண்டெடுத்தம். ஒரு துண்டு ஐஸ் கிடைக்கல்ல. முகத்தக்கூடப் பாக்க விடல்ல."

"என்ட கடவுளே, என்ன வேல பாத்திருக்கீங்க" என்று சீதேவி அழுதாள்.

11.58. ஜீப் உறுமிக்கொண்டு வந்து நின்றது. நல்லரத்தினம் எழுந்தார். பிரஷாந்தி அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். ஐஸ் போட்டவர் மீன்காரர், ஊர் கல்குடா, ஆள் தமிழர். ஜீப்பில் ஏறியபின் யார் இவர் கதையைக் கேட்கப்போகிறார்கள்?

"ஆர் செய்தது?" சார்ஜன்ட் கேட்டார். பார்வை திவாகரன் மேல் இருந்தது.

"நான்தான், சேர். மத்த இரத்தத்துக்குப் போடுற பழக்கத்தில இதுக்கும் ஐஸ் போட்டிட்டன். என்ட பிழை. திவாகரனுக்கு ஒண்டும் தெரியா."

டொக்டர் அவளைப் பார்த்தார். பிறகு மெல்லத் தலையாட்டி, "ஓம், எங்கட ஆள்ர பிழைதான்" என்றார்.

சார்ஜன்ட் அவளுடைய அடையாள அட்டையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "நாளைக்கு ஒன்பது மணிக்கு ஸ்டேசனுக்கு வந்து எடுங்க."

ஜீப் போனது. திவாகரன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். வேனுக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது. மறுபடி இரத்தம் எடுக்கப் பிரஷாந்தி புது ஊசியைப் பிரித்தாள். கை நடுங்கியதில் மூடி கீழே விழுந்தது.

சீதேவி இறுகிப்போன தன் கையை நீட்டினாள்.

"நடுக்கம் நிண்ட பிறகு குத்துங்க, மிஸ். நான் இருக்கன்."