யாருமில்லாத இடத்துக்கு ஒரு உதை

ப்ரைடி பந்தோடு ஓடினால், மைதானத்தைச் சுற்றி நிற்கும் கார்களெல்லாம் உற்சாகமாக ஹாரன் அடிக்கும். அவள் உதைத்தால், அதே கார்க்காரர்கள் கார்க் கண்ணாடியைப் பொத்திக்கொள்வார்கள்.

அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான். ஆஸ்திரேலியக் கால்பந்தின் முட்டை வடிவப் பந்தை அணைத்தபடி நான்கு பேரைத் தாண்டிப் பறந்தாள். எதிரே உயரமான கோல் கம்பங்கள். நடுவில் போனால் ஆறு புள்ளி. ஓங்கி உதைத்தாள். பந்து கேன்டீன் கூரையில் விழுந்தது.

"சாஸ் பாட்டில் தப்பிச்சுதும்மா!" என்று உள்ளிருந்து ஒரு குரல்.

இடைவேளையில் பக்கத்து ஊர் அணி பதினான்கு புள்ளி முன்னால் இருந்தது. ப்ரைடியின் அணியினர் எல்லோரும் ஆரஞ்சுச் சுளை கடித்தார்கள். ஃபெர்கஸ் மட்டும் தனியாக உட்கார்ந்து காதிலிருந்த சேற்றை எடுத்துக்கொண்டிருந்தான். மெதுவாக ஓடுவான் என்பதால் அவனுக்கு எப்போதும் பின்மூலைதான்.

"ஏன்டா, ஸ்கூல்ல அவ்ளோ தூரத்துலேர்ந்து குப்பைத் தொட்டிக்குள்ள உதைப்பியே? இங்க என்ன ஆச்சு?" என்று கேட்டாள் ப்ரைடி.

"குப்பைத் தொட்டி என்னைத் துரத்தாதுல்ல! இங்க நான் காலைத் தூக்கறதுக்குள்ள மூணு பேர் மேல விழறாங்க."

ப்ரைடி சிரித்தாள். சட்டென்று நிறுத்தினாள். எல்லோரும் துரத்துவது அவளைத்தானே? அவர்கள் அவள் பின்னால் ஓடும்போது, ஃபெர்கஸை யார் துரத்துவார்கள்?

ஆனால் பந்தைக் கொடுத்துவிட்டால் ஹாரன் சத்தமும் அவனுக்குப் போய்விடும். மனம் கொஞ்சம் சுணங்கியது. அவனுடைய சேற்றுக் காதைப் பார்த்தாள். எழுந்து பயிற்சியாளர் டோனாவிடம் போனாள்.

"கோச், ஃபெர்கஸை கோல் முன்னாடி நிறுத்துங்க."

"அவன் ஓடமாட்டானேம்மா."

"நான் ஓடறேன். அவன் சும்மா நின்னா போதும்."

"சும்மா நிக்கறதா? அது எனக்கு நல்லா வரும்!" என்றான் ஃபெர்கஸ்.

ஆட்டம் தொடங்கியது. ப்ரைடி பந்தோடு ஓரமாக ஓட, எதிரணி மொத்தமும் அவள் பின்னால் ஓடியது. அவர்கள் நெருங்கி வந்ததும் பந்தைக் கை முஷ்டியால் குத்தி ஃபெர்கஸிடம் அனுப்பினாள். அவனைச் சுற்றி ஒருவரும் இல்லை. நிதானமாக உதைத்தான். ஆறு! சற்று நேரத்தில் இன்னொரு ஆறு! ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. எல்லோரையும்விட உரக்கக் கத்தியது ப்ரைடிதான்.

இன்னும் இரண்டே புள்ளிதான் பாக்கி. எதிரணித் தலைவன் ஹார்வி விழித்துக்கொண்டான்.

"ஓடறவளை விடுங்கடா! நிக்கறவனைப் பிடிங்க!"

கடைசி நிமிடம். பந்து நடு மைதானத்தில் ஃபெர்கஸிடம் உருண்டு வந்தது. அங்கிருந்து அவன் உதை கோலுக்கு எட்டாது. மூன்று பேர் அவனை நோக்கிப் பாய்ந்தார்கள்.

ப்ரைடியைச் சுற்றி இப்போது ஒருவரும் இல்லை. கோல் பக்கம் ஓடத் தொடங்கினாள்.

"எனக்குப் போடாதே! எனக்கு முன்னாடி போடு!"

ஃபெர்கஸ் யாருமே இல்லாத வெறும் புல்வெளியைப் பார்த்து உதைத்தான்.

"டேய், யாருக்குடா அது?" என்று அலறினான் ப்ரைடியின் அணிப் பையன் ஒருவன்.

பந்து இறங்கியபோது ப்ரைடி அங்கே இருந்தாள். பிடித்தாள், ஓடினாள், கம்பங்களுக்கு இரண்டடி முன்னால் நின்று உதைத்தாள். அவ்வளவு கிட்டத்தில் அவளாலும் தவறவிட முடியவில்லை.

ஆட்டம் முடிந்ததென்று சைரன் ஒலித்தது. நான்கு புள்ளியில் வெற்றி!

மூச்சு வாங்கியபடி ஹார்வி வந்து கை நீட்டினான். "அடுத்த தடவை உங்க ரெண்டு பேர்ல யாரைத் துரத்தணும்? அதையாவது சொல்லிடுங்க."

ஃபெர்கஸ் ப்ரைடியைக் காட்டினான். ப்ரைடி ஃபெர்கஸைக் காட்டினாள்.