கோமாளி மீனுக்கு ஒரு டோக்கன்

புதுச்சேரியில் சுடர்விழியின் அப்பா அய்யப்பன் ஒரு மெஸ் நடத்துகிறார். வழி கேட்க வேண்டியதே இல்லை. மீன் வறுக்கும் வாசனையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் நேராகக் கல்லாப்பெட்டி முன்னால் போய் நிற்கலாம்.

அப்படிப்பட்ட மெஸ்ஸில் வாசலைத் தாண்டியதுமே ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே உப்புத் தண்ணீர், கடல் பாறை போலச் செய்த கற்கள், ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கோமாளி மீன்கள், ஒரு நத்தை. கல்லின் மேல் சட்டைப் பொத்தான் அளவில் பச்சைப் பூக்களாக விரியும் ஒரு பவளம். சாப்பிட வருகிறவர்கள் சிரிக்காமல் இருப்பார்களா?

"அய்யப்பா, இதை வறுவலா தருவியா, கொழம்பா தருவியா?" என்பார்கள்.

"அதுங்க நம்ம விருந்தாளிங்க சார்" என்பார் அப்பா.

அவர் வீராம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. "சின்ன வயசுலேர்ந்து வலையில துள்ளுற மீனைத்தான் பாத்திருக்கேன். அதுங்க வீட்ல அதுங்க எப்படி இருக்கும்னு நிம்மதியா உக்காந்து பாக்கணும் கண்ணு" என்று சுடர்விழியிடம் சொல்லித்தான் இந்தத் தொட்டியை வாங்கினார். ஆளுயரச் சுறாவைத் தோளில் சுமந்த மனிதர், இப்போது சுண்டுவிரல் நீள மீனுக்கு முன்னால் வாயைத் திறந்தபடி நிற்பார். சுடர்விழிக்கு அதைப் பார்க்க அவ்வளவு பிடிக்கும்.

வந்தது வினை. முதலில் மணலில் பழுப்பாக ஏதோ படிந்தது. பிறகு கண்ணாடியெல்லாம் பச்சை. அதன் பிறகு கற்களின் மேல் தலைமுடி போல நீளநீளமாகப் பாசி வளர்ந்தது. அப்பா காலையில் துடைப்பார். மறுநாள் பார்த்தால் மறுபடியும் பச்சை. பாசிக்கு நடுவில் மூச்சுத் திணறிய பவளம், தன் பொத்தான் பூக்களை எல்லாம் இறுக மூடிக்கொண்டது.

தொட்டி விற்ற கடைக்காரரிடம் அப்பா போனில் பேசினார். "புதுத் தொட்டின்னா பாசி வர்றது சகஜம்தான். தீவனத்தைக் குறைங்க" என்றார் அவர்.

"நான் கொஞ்சம்தானே போடுறேன்!" என்றார் அப்பா. அது உண்மைதான்.

அன்று சாயங்காலம் அப்பா முகம் வாடிப் போய் உட்கார்ந்திருந்தார். "நம்ம ஊரு ஆடித் தேர் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள அந்தப் பவளம் கண்ணைத் தொறக்கலன்னா தொட்டியைக் கடையிலயே திருப்பிக் குடுத்துடுவேன். என் ஆசைக்கு அதுங்க ஏன் கஷ்டப்படணும்?"

சுடர்விழிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அழுதால் பாசி போகாது என்பது அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. கணக்குப் பாடத்தோடு தொட்டியின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கணக்கு நகரவில்லை. நத்தை நகர்ந்தது. எவ்வளவு பொறுமையான நத்தை! பாசியைத் தின்றுகொண்டே ஊர்ந்தது. அது போன வழியெல்லாம் கண்ணாடி பளிச்சென்று கோடு போட்டது போல் தெரிந்தது. ஒரு நாளும் அது லீவு கேட்டதில்லை.

'நம்ம மெஸ்ல பாத்திரம் கழுவுற வேலைய இங்க இது செய்யுது' என்று நினைத்தாள். 'பாவம், தட்டு மலையா குவிஞ்சா ஒரே ஆள் எவ்வளவுதான் கழுவும்? ஆமா, தட்டு ஏன் குவியுது?'

அப்போது அம்மா வினோதா அடுப்படியிலிருந்து வந்தாள். மீன்கள் கண்ணாடிக்கு ஓடி வந்து வாயைத் திறந்தன. "அடடா, பசிக்குதா?" என்று ஒரு சிட்டிகை தீவனத்தைப் போட்டுவிட்டுப் போனாள்.

சற்று நேரத்தில், பரிமாறும் பிரேம்குமார் அண்ணன் அந்தப் பக்கமாக வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். "இன்னாடா, இன்னும் சாப்புடலையா?" என்று அவரும் ஒரு சிட்டிகை போட்டார்.

பிறகு தினமும் மதியம் சாப்பிட வரும் முசியே கஸ்தோன் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டு இப்போது பென்ஷன் வாங்குகிறவர்; அதனால் எல்லோருக்கும் அவர் 'முசியே', அதாவது ஐயா. "போன்ழூர்!" என்று மீன்களுக்கு வணக்கம் சொல்லி, சட்டைப்பையிலிருந்து ரொட்டித் துணுக்கை எடுத்து உள்ளே போட்டார். மீன்கள் கடித்துத் துப்பிய மிச்சம் கல்லிடுக்கில் போய்ச் சேர்ந்தது.

காலையில் அப்பா போட்டதை அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். எல்லோரும் கொஞ்சம்தான் போட்டார்கள். மிச்சமெல்லாம் தண்ணீரில் ஊறிப் பாசிக்கு உரமாகிக்கொண்டிருந்தது.

'மாட்டிக்கிட்டாங்க!' என்று சுடர்விழி துள்ளினாள். துள்ளியவள் அப்படியே நின்றாள். தினமும் பள்ளிக்குப் புறப்படும்போது, யாருக்கும் தெரியாமல் ஒரு சிட்டிகை போடும் கை யாருடையது? அவளுடையது.

மீன்கள் மறுபடியும் வந்து வாயைத் திறந்தன. சோதித்துப் பார்க்க அழிரப்பரைக் காட்டினாள். ஆவலாக வாயைத் திறந்தன. பென்சிலைக் காட்டினாள். அதற்கும் திறந்தன!

"அடப் பாவிகளா, இது பசி இல்ல, பழக்கம்!" என்று சிரித்துவிட்டாள்.

கூட்டம் குறைந்ததும் எல்லோரையும் தொட்டி முன்னால் கூப்பிட்டாள். யாரையும் அவள் குறை சொல்லவில்லை. "மீனுக்கு ரகசியமா சாப்பாடு போடுறவங்க கை தூக்குங்க" என்று சொல்லி, முதலில் தன் கையைத் தூக்கினாள்.

பிரேம்குமார் தலையைச் சொறிந்தபடி கையைத் தூக்கினார். அம்மாவின் கரண்டி மேலே போனது. முசியே கஸ்தோன் அட்டென்ஷனில் நின்றபடியே தூக்கினார். கடைசியாக அப்பா.

"நான் கொஞ்சம்தான்..." என்று எல்லோரும் ஒரே குரலில் ஆரம்பித்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

"சரி, இனிமே யாரும் போட வேணாம்னு சொல்றியா?" என்று அம்மா கேட்டாள்.

சுடர்விழி யோசித்தாள். இந்த மெஸ்ஸில் யாரையும் 'போதுமா?' என்று கேட்கும் வழக்கமே கிடையாது. 'இன்னும் கொஞ்சம்?' என்றுதான் கேட்பார்கள். இலை போட்டுப் பழகிய கைகளைச் சும்மா இருக்கச் சொன்னால் இருக்குமா? ஆனால் அதே மெஸ்ஸில் வேறொரு சட்டமும் இருந்தது. அதை எந்த மகாராஜா வந்தாலும் அப்பா தளர்த்த மாட்டார்.

அவள் கல்லாவுக்கு ஓடிப்போய் ஒரு சாப்பாட்டு டோக்கனை எடுத்து வந்தாள். அதை நூலில் கட்டித் தொட்டியின் ஓரத்தில் தொங்கவிட்டாள்.

"தினம் காலையில ஒரு டோக்கன் இங்க மாட்டுவேன். யாருக்கு ஆசையோ அவங்க அதைக் கழட்டிக் கல்லாவுல போட்டுட்டு, ஒரு சிட்டிகை போடலாம். டோக்கன் இல்லன்னா?"

"சாப்பாடு இல்ல!" என்றார் அப்பா, பழக்கதோஷத்தில். சொன்ன பிறகுதான் மாட்டிக்கொண்டது தெரிந்தது.

"அப்ப மத்தவங்க கை சும்மா இருக்கணுமா?" என்று முசியே கஸ்தோன் வருத்தமாகக் கேட்டார்.

"உங்களுக்கு வேற வேலை இருக்கு முசியே" என்று சுடர்விழி ஒரு புது டூத் பிரஷ்ஷை நீட்டினாள்.

அன்றிலிருந்து மெஸ்ஸில் ஒரு வேடிக்கை நடந்தது. சாப்பிட்டு முடித்தவர்கள் சோப்புப் போட்டுக் கையை நன்றாக அலசிக்கொண்டு தொட்டி முன்னால் வரிசையில் நின்றார்கள். நீளமான பாசியை விரலால் பிடுங்கி வாளியில் போட்டார்கள். முசியே கஸ்தோன் கற்களுக்குப் பல் விளக்கிவிட்டார். கடை மூடும்வரை எரிந்த தொட்டி விளக்கைச் சாயங்காலமே அணைக்கும் வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள்.

ஆனால் பவளம் மட்டும் திறக்கவில்லை. சுடர்விழி தினமும் பார்த்தாள். கண்ணாடி தெளிந்தது, கற்கள் தெரிந்தன, நத்தைக்குக்கூடக் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. பொத்தான்கள் மட்டும் மூடியே இருந்தன.

ஆடித் தேர் நாளும் வந்தது. மெஸ்ஸைப் பூட்டிவிட்டு எல்லோரும் வீராம்பட்டினம் போனார்கள். தேர் வடம் பிடிக்கும்போதும் அப்பாவுக்கு நினைப்பெல்லாம் தொட்டி மீன்கள் மேல்தான். "இன்னைக்கு ஒரு டோக்கன்கூட இல்லியே, பட்டினியா கெடக்குமே" என்று புலம்பிக்கொண்டே இருந்தார்.

"ஒரு நாள் சாப்பிடலன்னா ஒண்ணும் ஆகாதுப்பா" என்றாள் சுடர்விழி. சொன்னாளே தவிர, எப்போது திரும்புவோம் என்று அவளும் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

திரும்பி வந்ததும் அவள்தான் முதலில் உள்ளே ஓடினாள். வெயில் சாய்ந்து வாசல் வழியாகத் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது.

"அப்பா! சீக்கிரம் வாங்க!"

கல்லின் மேல் ஒரு பொத்தான் பூ முழுதாக விரிந்திருந்தது. பக்கத்தில் இன்னொன்று பாதி திறந்திருந்தது. பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை! தண்ணீர் அசைய அசைய அவையும் மெல்ல அசைந்தன.

அப்பா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு சுடர்விழியின் தலையில் கையை வைத்து, "நான் கடல்ல பொறந்து வளந்தவன். நீ இந்த ஸ்டூல்ல உக்காந்தே கடலைப் புரிஞ்சிக்கிட்டியே கண்ணு!" என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. கடைக்காரருக்குப் போன் போட்டு, தொட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டார்.

இந்தச் சந்தடியில் கோமாளி மீன்கள் இரண்டும் கண்ணாடிக்கு ஓடி வந்து, அப்பாவைப் பார்த்து வாயைத் திறந்தன. அப்பாவின் கை தானாகத் தீவன டப்பாவுக்குப் போனது. நூலைப் பார்த்தார். அது வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது. ஓரக்கண்ணால் மகளைப் பார்த்தார்.

கையை மெதுவாக இழுத்துக்கொண்டு, மீன்களிடம் பணிவாகச் சொன்னார்: "டோக்கன் இல்லீங்க. நாளைக்கு வாங்க."